மதுரையிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை: விடுதிகளில் தங்கி நடக்க விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்

நேபாளத்தின் கும்பு பகுதியில் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை இரண்டு முறை நடந்து வந்திருக்கிறேன். முதல் முறை திட்டமிடாமல் போய்ப் பாடம் கற்றேன். இரண்டாம் முறை அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு போனேன். கீழக்குயில்குடி சமணர் மலையில் காலை நடைக்கு வருபவர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்? பணமா, உடல் தகுதியா?

இரண்டும் அல்ல. விடுப்பு நாட்களை முதலில் எண்ணுங்கள். மதுரையிலிருந்து புறப்பட்டுத் திரும்ப 18 நாட்கள் இல்லையென்றால் இந்தப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். நடைக்கு மட்டும் 11 நாட்கள் ஆகும். காத்மாண்டுவில் முன்னும் பின்னுமாக இரண்டு நாட்கள், மதுரையிலிருந்து போகவும் வரவும் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இவை போக எதற்கும் ஒதுக்காத இரண்டு நாட்கள் கையில் இருக்க வேண்டும். நான் முதல் முறை அந்த இரண்டு நாட்களை வைத்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது லுக்லாவில் மேகம் இறங்கி மூன்று நாட்கள் ஒரு விமானமும் பறக்கவில்லை. காலை ஐந்து மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போவதும், பத்து மணிக்குத் தொங்கிய முகத்தோடு விடுதிக்குத் திரும்புவதுமாக அந்த நாட்கள் கழிந்தன. காத்மாண்டுவிலிருந்து முன்பதிவு செய்திருந்த விமானம் அதற்குள் போய்விட்டது. புதிய பயணச்சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் மேலும் ஒரு வாரம் மலையிலேயே இருந்திருக்கலாம்.

நாள்வாரியாக எப்படிப் பிரித்துக்கொள்வது?

பெரும்பாலானோர் பின்பற்றுவதும் எனக்கு ஒத்துவந்ததுமான கணக்கு இது. உயரங்கள் அனைத்தும் ஏறத்தாழ. முதல் நாள் லுக்லாவில் (2,860 மீட்டர்) இறங்கி, கீழ்நோக்கி நடந்து பாக்டிங்கில் (2,610) தங்குதல். இரண்டாம் நாள் நாம்சே பஜார் (3,440). மூன்றாம் நாளும் நாம்சேயிலேயே இருந்து, பகலில் 3,880 மீட்டர் வரை ஏறிப் பார்த்துவிட்டு, இரவுக்குக் கீழே திரும்புதல். நான்காம் நாள் மடாலயம் இருக்கும் தெங்போச்சே (3,860), ஐந்தாம் நாள் திங்போச்சே (4,410). ஆறாம் நாள் அங்கேயே இருந்து பக்கத்துக் குன்றில் ஏறி இறங்குதல். ஏழாம் நாள் லோபுச்சே (4,940). எட்டாம் நாள் கோரக்‌ஷேப்பில் (5,164) பையை வைத்துவிட்டு அடிவார முகாம் (5,364) சென்று திரும்புதல். ஒன்பதாம் நாள் விடியும் முன் காலா பத்தர் குன்றில் ஏறிவிட்டு, பெரிச்சே வரை இறங்குதல். பத்தாம் நாள் நாம்சே, பதினோராம் நாள் லுக்லா.

அடிவார முகாமிலிருந்து எவரெஸ்டின் உச்சி தெரியாது என்பதைப் பலர் அங்கே போன பிறகுதான் அறிகிறார்கள். முன்னால் நிற்கும் மலைகள் அதை மறைத்துவிடும். உச்சியைப் பார்க்க வேண்டுமானால் காலா பத்தரில்தான் ஏற வேண்டும். இருட்டில், கடுங்குளிரில் ஏறும் அந்தக் குன்றை அலுப்பில் விட்டுவிடாதீர்கள்.

நடக்கத் தெம்பு இருந்தும் நாம்சேயிலும் திங்போச்சேயிலும் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டுமா?

இருந்தே ஆக வேண்டும். மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதாவது, நீங்கள் லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கும் இடமே ஆனைமுடியின் உச்சியைவிட உயரமானது. கொடைக்கானலில் நான்கு நாட்கள் தங்கியிருந்தோம், ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கு இங்கே பொருள் இல்லை.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டரை நெருங்கும்போது அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். உடல் முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடும்; அதைச் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சரிசெய்கிறது. இதற்குச் சில நாட்கள் ஆகும். ஓடிப் பழகிய இளைஞனுக்கும் அதே நாட்கள்தான். சொல்லப்போனால் தெம்புள்ளவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், வேகமாக ஏறிவிடுவதால். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும், உறங்குவது எங்கே என்பதே கணக்கு.

உயர மலை நோய் வந்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அதை உயரத்தின் வேலையாகவே கொள்ள வேண்டும். அதனுடன் குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு, அசதி, தலைசுற்றல் ஆகியவை சேர்ந்தால் ஐயமே வேண்டாம். அந்த நிலையில் மேலே ஏறக்கூடாது. அதே உயரத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கலாம். குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். நேர்க்கோட்டில் நடக்கத் தடுமாறுவதும் பேச்சு குழறுவதும் மூளையில் நீர் கோத்ததற்கான அறிகுறிகள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் நுரையோடு இருமல் வருவதும் நுரையீரலில் நீர் கோத்ததற்கான அறிகுறிகள். இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல், இரவானாலும் கீழே கொண்டுவர வேண்டும். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை இவை.

இரண்டாம் பயணத்தில் எங்களுடன் வந்த நண்பர் ஒருவர் திங்போச்சேயில் இரவு உணவைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தார். அசதிதான் என்றார். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் எழுந்து, தரைப் பலகையின் கோட்டைக் காட்டி, குதிகாலும் பெருவிரலும் ஒட்டும்படி அடி வைத்து நடக்கச் சொன்னார். நண்பர் தடுமாறாமல் நடந்தார். இருந்தாலும் மறுநாள் காலையிலும் தலைவலி நிற்காததால், சுமை தூக்கி வரும் போர்ட்டர் ஒருவரைத் துணைக்கு அனுப்பி அவரைத் தெங்போச்சேக்கு இறக்கினோம். மாலையில் தொலைபேசியில் அழைத்து, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாகச் சொன்னார். அவர் முகாமைப் பார்க்கவில்லை என்பது உண்மைதான்.

டயாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது, ஆனால் உதவும். அசிட்டசோலமைடு என்ற அந்த மருந்து, சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை விரைவுபடுத்துகிறது; நோயை மறைக்கும் மருந்து அல்ல. முன்தடுப்பாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும் என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருக்கும், அடிக்கடிச் சிறுநீர் வரும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊரில் இருக்கும்போதே மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கி, இரண்டு நாட்கள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டவே வேண்டாம். இரண்டும் உறக்கத்தில் மூச்சைத் தளர்த்துபவை.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் போகலாமா?

கட்டுக்குள் இருந்தால் பலர் போய் வருகிறார்கள். முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். இன்சுலின் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கே அது வெயிலில் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறோம். அங்கே உறைந்து கெட்டுவிடும். பகலில் உள்சட்டைப் பையிலும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளும் இருக்கட்டும். குளிரில் குளுக்கோமீட்டரும் சில நேரம் தவறாகக் காட்டும் என்பதால் அதையும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் இருந்துகொண்டு எப்படிப் பயிற்சி எடுப்பது?

உயரத்துக்கு இங்கே பயிற்சி எடுக்க முடியாது. காலுக்கும் மூச்சுக்கும் தாராளமாக எடுக்கலாம். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாட்கள் சமணர் மலை ஏறி இறங்குவது என் வழக்கம். கருப்பசாமி கோயில் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பாறையில் வெட்டிய படிகள் வழியாக ஒருமுறை ஏறினால் நெற்றி வியர்க்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு நான்கு முறை ஏறி இறங்கினால் கால் பேசும். வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும், எட்டு மணிக்கு மேல் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலை, நூபுர கங்கை வரை நடந்து போய்த் திரும்பலாம். மாதம் ஒருமுறை நாள் முழுக்க நடக்கும் ஏற்றம் ஒன்று வேண்டும். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுவது அதற்கு மிகப் பொருத்தம். அனுமதிக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாக வட்டக்கானல் ஏறும் பாதை இன்னும் கடினம்.

காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மாண்டவர்கள் நம் பக்கத்து மலைக்கு விடுமுறை நாளில் நடக்கப் போனவர்கள்தான்.

ஏறுவதை மட்டும் பழகிவிட்டு இறங்குவதை விட்டுவிடுபவர்கள், பத்தாம் நாள் நாம்சே இறக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இறக்கத்துக்கும் சேர்த்தே பயிற்சி எடுங்கள். இரண்டு ஊன்றுகோல்களோடு நடந்து பழகுங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை, வழியில் அட்டை, வானில் மேகம். ஐப்பசியில் இங்கே அடைமழை பெய்யும்போது அங்கே வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஏப்ரல், மே ஒத்துவரும். ஏப்ரலில் வழியெல்லாம் லாலி குராஸ் என்ற ரோடோடென்ட்ரான் மரங்கள் பூத்திருக்கும். சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டு வர மனம் இல்லாதவர்களுக்கு அக்டோபர்தான் வழி. தசைன் பண்டிகை நாட்களில் நேபாளத்தினர் சொந்த ஊர் போய்விடுவார்கள் என்பதால் வண்டி, விமானம், ஆள் எல்லாவற்றையும் அதற்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

பாஸ்போர்ட் வேண்டுமா? எப்படிப் போய்ச் சேர்வது?

இந்தியருக்கு நேபாளம் செல்ல விசா வேண்டாம். விமானத்தில் போகப் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரை நம்பி விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. மதுரையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போகலாம், பொறுமை இருந்தால் சம்பர்க் கிராந்தி ரயிலில் போகலாம். அங்கிருந்து காத்மாண்டு இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

காத்மாண்டுவிலிருந்து லுக்லா போவதுதான் நிச்சயமில்லாத பகுதி. கூட்டம் மிகுந்த மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து இல்லாமல் ராமேச்சாப்பின் மந்தலி என்ற சிற்றூரிலிருந்து புறப்படுகின்றன. அதற்கு நள்ளிரவில் வேனில் ஏறி நான்கைந்து மணி நேரம் வளைந்து வளைந்து போக வேண்டும். வாந்தி வரும் ஆட்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளட்டும். லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான், நம் மதுரை ஓடுபாதையில் ஏறத்தாழ கால்வாசி. ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலைச்சுவர். விமானிகள் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டியிருப்பதால் மேகம் வந்தால் எல்லாம் நின்றுவிடும். காலையின் முதல் விமானத்துக்கே இடம் கேளுங்கள்.

விடுதிகள் எப்படி இருக்கும்? முன்பதிவு செய்ய வேண்டுமா?

டீஹவுஸ் என்றும் லாட்ஜ் என்றும் சொல்லப்படும் இவை பெரும்பாலும் ஷெர்பா குடும்பங்கள் நடத்தும் வீடுகள். இரண்டு கட்டில், மெத்தை, தலையணை, ஒரு போர்வை. அறைகளுக்கு நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு. பக்கத்து அறைக்காரர் புரண்டு படுப்பதும் இருமுவதும் உங்கள் காதருகில் கேட்கும். அறையில் சூடு கிடையாது. சூடு இருப்பது சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில், ஒரே ஓர் இரும்பு அடுப்பில். மேலே போகப் போக அதில் எரிவது விறகு அல்ல, யாக் என்ற மலை மாட்டின் சாண வறட்டி. மாலை ஐந்து மணியளவில் வீட்டுக்கார அக்கா ஒரு வாளி வறட்டியோடு வந்து அடுப்பைப் பற்றவைத்ததும், எல்லா நாட்டுக்காரர்களும் ஈரக் காலுறைகளோடு அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எட்டு மணிக்கு அடுப்பு தணியும், கூட்டம் கலையும். இரவில் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு திணறி எழுப்பிவிடுவது உண்டு. அந்த உயரத்தில் அது பலருக்கு இயல்பு, அச்சம் வேண்டாம்.

அறை வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம், இரவு உணவையும் காலை உணவையும் அங்கேயே சாப்பிடுவீர்கள் என்ற எதிர்பார்ப்பு. அறையை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் சாப்பிடுவதை அவர்கள் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. தொலைபேசிக்கு மின்னேற்றம், வைஃபை, வெந்நீர்க் குளியல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். நாம்சே வரை இடம் தாராளமாகக் கிடைக்கும். லோபுச்சேயிலும் கோரக்‌ஷேப்பிலும் விடுதிகள் சிலவே என்பதால், அக்டோபரில் முந்தைய இரவே வழிகாட்டியைக் கொண்டு தொலைபேசியில் அறை சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் படுக்க நேரும்.

சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?

மதுரைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்! நாளுக்கு இருவேளை சோறு கிடைக்கும். தால் பாத் என்பது சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கீரை, ஊறுகாய், அப்பளம். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நான் கொண்டுபோன பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஐந்தாம் நாளுக்குப் பிறகு எங்களைக் காப்பாற்றின. நாம்சேக்கு மேல் கறி வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கில் உயிர்க்கொலை செய்வதில்லை. இறைச்சி கீழிருந்து நாட்கணக்கில் முதுகுச் சுமையாக வருகிறது. கோரக்‌ஷேப்பில் தண்ணீர் ஏறத்தாழ 83 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு சில நேரம் நடுவில் அரிசியாக இருக்கும். எல்லாம் மனிதரும் மாடும் சுமந்து வருவதால், ஏற ஏற விலையும் ஏறும். மேலே ஒரு தட்டுச் சோறு 1,000 நேபாள ரூபாயைத் தாண்டும்.

கழிப்பறை, குளியல்?

கழிப்பறை இருக்கும், மேலே போனால் பொதுவானதாக இருக்கும், விடியற்காலையில் வாளித் தண்ணீர் மேல் பனிக்கட்டி மிதக்கும். குளியலை நாம்சேயோடு மறந்துவிடுங்கள்.

வழிகாட்டி, போர்ட்டர், அனுமதிச் சீட்டு?

1976-இல் அமைக்கப்பட்ட சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுச் சீட்டை மோன்ஜோவிலும், உள்ளூர் ஊராட்சியின் சீட்டை லுக்லாவிலும் வாங்கிவிடலாம். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாட்டினர் என்பதால் பூங்காக் கட்டணம் நமக்குக் குறைவு. முதல் முறை போகிறவர்கள் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம் என்பது என் கருத்து. பாதை தெளிவானதுதான், ஆனால் தலைவலியை மறைத்துப் பேசும் உங்கள் முகத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் போதும். இரண்டு பேர் பையும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு நல்ல காலணியும் கம்பளியும் இருக்கின்றனவா என்று லுக்லாவிலேயே பாருங்கள்.

பாதையில் மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள் வரும். கோயிலை வலம் வருவது போல, அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். சுமை மாடுகள் எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் கொம்பும் மூட்டையும் தள்ளிவிடும்.

பணத்தையும் காப்பீட்டையும் எப்படி வைத்துக்கொள்வது?

நூறு இந்திய ரூபாய் 160 நேபாள ரூபாய். 1993 முதல் இதே விகிதம்தான். காத்மாண்டுவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், நாம்சேக்கு மேல் ஏடிஎம் இல்லை. காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் உண்டு என்று எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் இது விலக்கப்பட்டிருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

காலணியை மட்டும் இங்கேயே, இரண்டு மாதம் முன்பே வாங்கி, சமணர் மலையில் போட்டுத் தேய்த்துவிடுங்கள். புதுச் செருப்பு கடிப்பதையே தாங்க மாட்டோம், புதுக் காலணியோடு 130 கிலோமீட்டர் நடக்க முடியாது. இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டும் கனமான ஸ்லீப்பிங் பேக்கும் காத்மாண்டுவின் தமேல் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கும். ஊரில் ஒருமுறைக்குப் பிறகு பரணில்தான் கிடக்கப் போகிறவை. தண்ணீர்ச் சுத்திகரிப்பு மாத்திரை, கறுப்புக் கண்ணாடி, தலை விளக்கு, சுக்குமல்லித் தூள் ஆகியவற்றை மறக்க வேண்டாம். லுக்லா விமானத்தில் கைப்பையையும் சேர்த்து 15 கிலோவுக்குள் அடக்க வேண்டும்.

அறுபதைத் தாண்டிய அம்மா, அப்பாவை அழைத்துப் போகலாமா?

முகாம் வரை வேண்டாம் என்பேன். நாம்சே வரை தாராளமாக அழைத்துப் போகலாம். லுக்லாவிலிருந்து மூன்று நாட்களில் மெல்ல நாம்சே ஏறி, அங்கே இரண்டு இரவுகள் தங்கி, நடுவில் ஒரு காலை 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை போய் வர வேண்டும். நாம்சேக்கு முன்னால் தொங்குபாலம் தாண்டி வரும் ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றம் ஒன்றுதான் கடினமானது. அதற்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். அந்த ஹோட்டலின் திறந்த முற்றத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட், லோட்சே, அமா தப்லாம் மூன்றையும் தேநீர் குடித்தபடியே பார்க்கலாம். ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், அதன் பிறகு மேகம் ஏறத் தொடங்கிவிடும்.